இரண்டாவது குழாய்

கணியூரில் என் அம்மாயி வீட்டுப் பொடக்காலியில் ஒரு செம்புப் பாய்லர் நின்றிருந்தது. இடுப்பளவு உயரம், மூன்று கால், வயிற்றில் ஒரு பித்தளைக் குழாய், தலையில் தொப்பி மாதிரி ஒரு மூடி. மார்கழி விடியலில், அமராவதிப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றில் பல் கிட்டும் நேரத்தில், அம்மாயி அதன் நடுக்குழாய்க்குள் தேங்காய்த் தொட்டியை உடைத்துப் போடுவார். காய்ந்த பன்னாடையில் தீ பற்றவைத்து உள்ளே விடுவார். உடனே எங்களைக் குளிக்கக் கூப்பிட மாட்டார். மேல் வாயில் புகை எப்படிப் போகிறது என்று சற்று நேரம் நின்று பார்ப்பார். நேராக எழுந்தால் சரி. வாயிலேயே சுழன்று கீழே வழிந்தால் அடியிலுள்ள சாம்பல் வழியை இன்னும் கொஞ்சம் கிளறிவிடுவார். அதற்கும் சரிப்படாவிட்டால் கங்கை வாரிக் கொட்டிவிட்டு, குழாயைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்த பிறகுதான் மறுபடி தீ.

“பொகை போற வழியப் பாத்துப்போட்டுத்தான் தீ வெக்கோணும் கண்ணு” என்பார்.

அந்தப் பாய்லரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் அறிவு புரியும். வெளியே ஒரு செம்பு உருளை, உள்ளே ஒரு செம்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே தண்ணீர். கீழே சல்லடைத் தட்டில் கங்கு. தீயின் சூடு குழாய்ச் சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போகிறது. தீயின் கழிவு அதே குழாய் வழியாக வானத்துக்குப் போகிறது. அடுப்பும் புகைபோக்கியும் ஒரே பொருளாகச் செய்யப்பட்டிருப்பதால், புகைபோக்கி இல்லாத செம்புப் பாய்லர் என்று ஒன்று இருக்கவே முடியாது. அதைப் பொருத்துகிறவர் மறந்துபோக வழியில்லை.

இந்த அத்தியாயம் அந்த மறதியைப் பற்றியது. வீட்டுக்குள் நாம் கொண்டுவரும் ஒவ்வொரு தீக்கும் இரண்டு குழாய் வேண்டும். ஒன்று எரிபொருளைக் கொண்டுவர, மற்றது எரிந்து முடிந்ததைக் கொண்டுபோக. முதல் குழாய்க்குப் பணம் கொடுக்கிறோம், ரசீது வாங்குகிறோம், பூட்டிவைக்கிறோம். இரண்டாவது குழாய் பல வீடுகளில் இல்லவே இல்லை.

வெறகா எரியுது?

செம்புப் பாய்லர் இப்போது பரணில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் பெரியம்மா மகனான அண்ணன் அதே மனையில் புது வீடு கட்டினார். குளியலறைக்கு உத்தரம் வரை டைல்ஸ், இடுக்கில்லாமல் மூடும் கதவு, கொசுவுக்காகக் கண்ணாடி போட்டு அடைத்த சின்ன ஜன்னல். பைப் திறந்த நொடியில் வெந்நீர் வரவேண்டும் என்று ஆறு லிட்டர் கேஸ் கீசர் ஒன்றை உள்ளேயே சுவரில் மாட்டினார்கள். சிலிண்டர் வெளியே, ட்யூப் சுவரில் துளை போட்டு உள்ளே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ப்ளஸ் டூ படிக்கும் அண்ணன் மகள் குளித்துக்கொண்டிருந்தவள் தலை சுற்றிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளையாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. அண்ணி இழுத்து வந்து திண்ணையில் படுக்கவைத்தார். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். வெறும் வயிற்றோடு குளித்திருப்பாள், பிரஷர் இறங்கியிருக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். பொருத்திக்கொடுத்தவரை வரச் சொல்லி, இதற்குப் புகைக்குழாய் எங்கே என்று கேட்டேன்.

“கேஸுக்கு எதுக்குங்ணா பொகைக்குழாய்? வெறகா எரியுது, பொகை வாரதுக்கு?” என்றார்.

அவர் நல்ல வேலைக்காரர். அவர் சொன்னது நம்மில் பெரும்பாலோர் மனதில் இருப்பதுதான். விறகு எரிந்தால் கண் எரிகிறது, சுவர் கறுக்கிறது. கேஸ் நீலமாக எரிகிறது, பாத்திரத்தின் அடிகூடக் கறுப்பதில்லை. ஆகவே கேஸ் எரிந்து ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

எதுவும் ஒன்றுமில்லாமல் போவதில்லை. சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் இரண்டின் கலவை. இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. எரியும்போது கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடாகிறது. ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பிடித்து நீராவியாகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் வருகின்றன. கூடுதல் எடை முழுக்கக் காற்றிலிருந்து எடுத்தது. அந்த ஒரு கிலோவுக்குச் சுமார் பதினைந்தரைக் கிலோ காற்று வேண்டும். அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத சூடான வாயுவாக வெளியே வருகிறது. நீலத் தீயின் புகை கறுப்பாக இல்லை, அவ்வளவுதான்.

குளியலறைக்குள் ஐந்து அடுப்பு

அண்ணன் வீட்டுக் குளியலறையை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். ஐந்தடி அகலம், ஏழடி நீளம், எட்டடி உயரம். 280 கன அடி, அதாவது ஏறக்குறைய 8 கன மீட்டர் காற்று.

நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ பத்தரைக் கிலோவாட் வேண்டும். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் பர்னரின் திறன் 12 கிலோவாட் ஆகிறது. சமையல் அடுப்பின் ஒரு பர்னர் இரண்டு, இரண்டரைக் கிலோவாட். அப்படியானால் கதவைச் சாத்திக்கொண்டு கீசரைத் திறப்பதும், ஐந்து அடுப்பைக் குளியலறைக்குள் வைத்து முழுத் தீயில் எரியவிடுவதும் ஒன்றே.

இந்தத் தீ நிமிடத்துக்கு 16 கிராம் கேஸைத் தின்னும். அதற்கு நிமிடத்துக்கு 44 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். அறையில் மொத்தம் இருப்பதே சுமார் 1,660 லிட்டர் ஆக்சிஜன். அறைக்குள் புதுக் காற்றே வராது என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடக் குளியலில் கால் பங்குக்கு மேல் தீர்ந்துவிடும். காற்றில் நூற்றுக்கு 21 பங்காக இருந்த ஆக்சிஜன் 16-க்கும் கீழே இறங்கும். உண்மையான அறையில் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வரும், இறக்கம் மெதுவாகும். போகும் திசை அதுவேதான்.

இங்கிருந்துதான் தீ குணம் மாறுகிறது. கார்பன் ஒரே தாவலில் கார்பன் டை ஆக்சைடு ஆவதில்லை. முதலில் ஒரு ஆக்சிஜன் அணுவைப் பிடித்துக் கார்பன் மோனாக்சைடாகிறது, பிறகு இன்னொன்றைப் பிடித்து வேலையை முடிக்கிறது. இரண்டாம் படிக்குத் தாராளமான ஆக்சிஜன் வேண்டும், போதிய சூடு வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் பாதி வழியில் நிற்கும். தீயின் நாக்கு, தண்ணீர் ஓடும் குளிர்ந்த செம்புச் சுருளைத் தொட்டாலும் நிற்கும். சுருளின் இதழ்களில் கரியும் தூசியும் அடைத்து, எரிந்த வாயு மேலே போக முடியாமல் தேங்கினாலும் நிற்கும். சோறு அரைவேக்காட்டில் நிற்பது போல, கார்பனின் ஒரு பங்கு மோனாக்சைடாகவே வெளியே வரும்.

அது எவ்வளவு இருந்தால் ஆபத்து? பத்து நிமிடத்தில் எரியும் கார்பனில் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டும் இப்படி நின்றுபோனதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு லிட்டர் கார்பன் மோனாக்சைடு. எட்டு கன மீட்டர் அறையில் அது பத்து லட்சத்துக்கு ஆயிரம் பங்கு. உலக சுகாதார அமைப்பு பதினைந்து நிமிடத்துக்கு அனுமதிக்கும் அளவு ஒரு கன மீட்டரில் 100 மில்லிகிராம், அதாவது பத்து லட்சத்துக்குச் சுமார் 87 பங்கு. பத்து மடங்குக்கு மேல் தாண்டிவிட்டோம். தீ இன்னும் பார்ப்பதற்கு நீலமாகவே இருக்கலாம்.

ரத்தத்தில் நடப்பது

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் தொண்டையையும் உறுத்துவதில்லை. நுரையீரலில் ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமான பிடி. ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்வதோடு, ஏறிவிட்ட ஆக்சிஜனையும் உடலுக்கு இறக்கிவிடாமல் தடுக்கிறது. பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தைச் சோதித்து, எந்த அளவில் என்ன ஆகிறது என்பதை 1895-ல் எழுதிவைத்தார். சுரங்கத்துக்குள் சிறு பறவைகளை எடுத்துச் சென்று எச்சரிக்கையாகப் பயன்படுத்தும் வழக்கம் அவர் சொன்னதிலிருந்து வளர்ந்தது.

முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி. குளியலறையில் இவற்றை யாரும் வாயுவோடு சேர்த்து நினைப்பதில்லை. கால் தளர்ந்த பிறகு எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தும் உடம்பு கேட்காது. இந்திய நரம்பியல் மருத்துவர்கள் கடந்த இருபது வருடங்களில் இதற்கென்றே ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்து மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். குளிக்கும்போது வலிப்பு வந்து மயங்கியவருக்குக் காக்காய்வலிப்பு என்று மாத்திரை தொடங்கிய பிறகு, வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறதா என்று கேட்டதில் காரணம் பிடிபட்டதும் உண்டு.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. இந்த நேரத்தில் அதை நம்பக் கூடாது. சாதாரண ஆக்சிமீட்டர் ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறது. மோனாக்சைடு ஏறிய ரத்தமும் நல்ல சிவப்பாக இருப்பதால், மூச்சுக்குத் தவிக்கும் மனிதருக்கும் 98 என்று காட்டும். மயங்கியவரை உடனே வெளிக் காற்றுக்குக் கொண்டுவர வேண்டும், கேஸை மூட வேண்டும், மருத்துவமனையில் கீசர் என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள மோனாக்சைடு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். அந்த ஒரு வார்த்தை அவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதல் குழாய்: 3,000 பாஸ்கல்

முதல் குழாயை நாம் நன்றாகவே கவனித்திருக்கிறோம். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக, வளிமண்டலத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. ரெகுலேட்டர் அதை 30 மில்லிபாருக்கு, அதாவது 3,000 பாஸ்கலுக்குக் குறைத்து ட்யூபுக்குள் அனுப்புகிறது. அடுப்புக்குப் போகும் ட்யூபிலேயே ‘டீ’ இணைப்பு போட்டுக் கீசருக்கும் பிரிப்பது தவறு. ஐந்து பர்னருக்கான கேஸ் ஒரு பர்னருக்கான சந்தில் ஓடும்போது வழியிலேயே அழுத்தம் விழுந்து, தீ சோம்பி மஞ்சளாகும். கீசர் முழு வேகத்தில் எரியும்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் ஆவியாக வேண்டும். ஆவியாகும் திரவம் தன் சூட்டையே எடுத்துக்கொள்வதால் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே முத்து முத்தாக வியர்க்கும். அண்ணன் வீட்டில் அந்த வியர்வையைக் கசிவு என்று நினைத்து ஒருமுறை பயந்துபோனார்கள். கசிவைக் கண்டுபிடிக்க சோப்பு நுரை போதும். இணைப்பில் தடவினால் குமிழி வரும் இடம்தான் கசியும் இடம்.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் போலத் தரையோடு வழிந்து பள்ளத்தில் தேங்கும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்கக் கூடாது, அது இருக்கும் இடத்தின் காற்றுத் துளை தரைமட்டத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறு. அது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு, கசிந்தால் உத்தரத்தில் சேரும். கொச்சித் துறைமுகத்தில் 2013-ல் தொடங்கிய இறக்குமதி முனையத்திலிருந்து கூட்டநாடு, வாளையாறு வழியாகக் கோவைக்கு அந்த வாயு வந்துவிட்டது. கொங்கு மண்டலத்தின் வீடுகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறும்போது காற்றுத் துளையின் இடமும் மாறவேண்டும், பர்னரின் ஜெட்டும் மாறவேண்டும். ஒரே கன அளவில் மீத்தேனில் இருக்கும் சூடு சமையல் கேஸில் இருப்பதில் பாதிகூட இல்லை என்பதால் அதற்குப் பெரிய துளை வேண்டும். பழைய ஜெட்டோடு புது வாயுவை இணைத்தால் தீ நோஞ்சானாக எரியும். புது ஜெட்டோடு பழைய வாயு போனால் கேஸ் மிகுந்து, காற்றுப் போதாமல், மோனாக்சைடு கக்கும்.

முதல் குழாய்க்கு மணம் என்ற காவலும் உண்டு. 1937 மார்ச் 18-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அடியில் மணமில்லாத இயற்கை எரிவாயு கசிந்து சேர்ந்து வெடித்தது. ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். எரிவாயுவில் நாற்றம் கலப்பது அதன்பிறகு சட்டமாகி உலகெங்கும் பரவியது. நம் சிலிண்டரில் வீசும் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் ஈத்தைல் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம். அது அந்தக் குழந்தைகள் நமக்கு விட்டுச்சென்ற காவல். ஆனால் அந்தக் காவல் தீயின் வாசலோடு முடிந்துவிடுகிறது. மெர்காப்டனும் கேஸோடு சேர்ந்து எரிந்துவிடும். எரிந்த பிறகு வரும் வாயுவில் நம்மை எச்சரிக்க எதுவும் மிச்சமில்லை. மூக்கின் காவல் முடியும் இடத்தில் இரண்டாவது குழாய் தொடங்க வேண்டும்.

இரண்டாவது குழாய்: ஆறரைப் பாஸ்கல்

புகைக்குழாய்க்குள் எந்த இயந்திரமும் இல்லை. சூடான வாயு லேசு, வெளிக்காற்று கனம், அந்த எடை வித்தியாசம்தான் இழுவை. 150 டிகிரி சூட்டில் உள்ள வாயு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 830 கிராம். 30 டிகிரியில் வெளிக்காற்று 1,165 கிராம். இரண்டு மீட்டர் உயரக் குழாயில் இந்த வித்தியாசம் தரும் இழுவை வெறும் ஆறரைப் பாஸ்கல்.

ஆறரைப் பாஸ்கல் என்றால் எவ்வளவு? இளநீரை ஸ்ட்ரா வைத்துப் பத்து சென்டிமீட்டர் உறிஞ்ச 1,000 பாஸ்கல் வேண்டும். முதல் குழாயில் தள்ளும் விசை 3,000. இரண்டாவது குழாயில் அதில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே வருவது தள்ளப்பட்டு வருகிறது. வெளியே போவது தானாக மிதந்து போக வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டாவது குழாயைப் பொருத்துவதற்குத்தான் அதிகக் கைநேர்த்தி வேண்டும்.

குழாய் செங்குத்தாக எழ வேண்டும். படுக்கையாக ஓடும் ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு முழங்கை வளைவும் அந்த ஆறரையில் பங்கு கேட்கும். கீசரின் புகைவாயைவிடக் குறுகிய குழாயை மாட்டக் கூடாது. நம் ஊரில் கைக்கு எட்டும் குழாய் பிவிசி என்பதால் சிலர் அதையே மாட்டிவிடுகிறார்கள். பிவிசி 80 டிகிரியிலேயே இளகித் தொங்கும். ஜிஐ தகடோ, அலுமினியமோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் தாங்கும். அறைக்குள் புதுக் காற்று வர வழியில்லாவிட்டால் எந்தக் குழாயும் வேலை செய்யாது. மூடிய பாட்டிலிலிருந்து தண்ணீர் வழியாதது போல, உள்ளே வராத காற்று வெளியேயும் போகாது. இன்னொரு எதிரி எக்ஸாஸ்ட் ஃபேன். மூடிய கதவுக்குள் அது ஓடும்போது அறைக் காற்றை இழுத்துத் தள்ளி, ஆறரைப் பாஸ்கலை எளிதாக வென்று, எரிந்த வாயுவைப் புகைக்குழாய் வழியாகவே திரும்ப அறைக்குள் இறக்கிவிடும். நல்லது என்று நினைத்துப் போடும் ஸ்விட்ச் அது.

நம் வெயிலும் ஒரு விதத்தில் எதிரி. வெளியே மைனஸ் 10 டிகிரி இருக்கும் ஊரில் இதே குழாய் பத்துப் பாஸ்கல் இழுக்கும். சித்திரை வெயிலில் 38 டிகிரி என்றால் ஆறுகூடத் தேறாது. குளிர் நாட்டு அளவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

ஆடிக் காற்று

கணியூர் பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடியில் கூரைத் தகட்டின் மேல் கல் வைத்துக் கட்டுவது எங்களுக்குப் பழக்கம்.

நொடிக்குப் பத்து மீட்டர் வேகக் காற்று ஒரு சுவரில் மோதினால் உண்டாகும் அழுத்தம் 58 பாஸ்கல். புகைக்குழாயின் இழுவையைப் போல ஒன்பது மடங்கு. மேற்குச் சுவரில் துளை போட்டு, குழாயின் வாயைக் காற்றுக்கு நேராக நீட்டிவைத்தால், ஆடி மாதம் முழுக்கக் காற்று அதற்குள் ஊதிக்கொண்டிருக்கும். தீ அணையும், இல்லையென்றால் வாயு அறைக்குள் திரும்பும். வைகாசியில் பொருத்திச் சோதித்துப் பார்த்தபோது ஒரு குறையும் தெரிந்திருக்காது. குழாய் கூரை விளிம்பைத் தாண்டி இரண்டடியாவது மேலே எழ வேண்டும், வாயில் எந்தப் பக்கக் காற்றையும் தடுக்கும் தொப்பி வேண்டும். செம்புப் பாய்லரின் தலையில் இருந்த மூடி இதே வேலையைத்தான் செய்தது.

சாயப்பட்டறையில் இருக்கும் காவல்

திருப்பூரின் சாயப்பட்டறைகளில் துணியை வேகவைக்கவும், கழிவுநீரைச் சுண்டவைத்து உப்பை எடுக்கவும் ஆவி வேண்டும். அங்கே உள்ள பாய்லர் அம்மாயியின் பாய்லருக்குப் பேரன் முறை. தண்ணீருக்கு நடுவே தீக்குழாய்கள், கடைசியில் சிம்னி. அதற்குச் சட்டம் இருக்கிறது. 1923-ல் பிரிட்டிஷார் காலத்தில் வந்த பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும், தேர்ச்சி பெற்ற பாய்லர் அட்டெண்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிம்னி எவ்வளவு உயரம் என்பதை, எரிபொருளிலிருந்து எவ்வளவு கந்தக டை ஆக்சைடு வெளிவரும் என்று கணக்கிட்டு மாசுக் கட்டுப்பாட்டு விதி சொல்கிறது. இயற்கை இழுவை போதாத இடத்தில் ஐடி ஃபேன் என்ற இழுவை விசிறி வைத்து இழுக்கிறார்கள்.

25 லிட்டருக்குக் குறைந்த பாத்திரமும், தண்ணீரை நூறு டிகிரிக்குக் கீழே சூடேற்றும் கருவியும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. வெடிக்கும் அழுத்தம் அவற்றில் இல்லை என்பதால் அது நியாயமே. ஆனால் அழுத்தம் இல்லாத இடத்திலும் தீ இருக்கிறது. பட்டறையில் பகல் முழுக்கச் சிம்னிக்கு அடியில் பாதுகாப்பாக வேலை செய்தவர், இரவு லைன் வீட்டுக்குத் திரும்பி, ஜன்னல் சாத்திய பத்தடி அறையில் சின்ன சிலிண்டரைப் பற்றவைத்துச் சமைக்கிறார். அங்கே அவரே ஆய்வாளர், அவரே அட்டெண்டர். இந்த அறிவு அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

ஸ்கார்பரோவின் பிளாஸ்டிக் குழாய்

கனடாவின் ஸ்கார்பரோவில் தமிழர் வீடுகளுக்குப் போயிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பல வீடுகளின் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்றிலிருந்து பனிக்காலத்தில் ஆவி வரும். வீட்டைச் சூடாக்கும் கருவியின் குழாய்கள் அவை. ஒன்று வெளிக்காற்றை நேரே தீக்குக் கொண்டுபோகிறது, மற்றது எரிந்ததை வெளியே கொண்டுவருகிறது. தீ இருக்கும் பெட்டி அறையிலிருந்து முழுக்க மூடப்பட்டிருப்பதால், வீட்டுக் காற்றும் தீயின் காற்றும் எங்கேயும் சந்திப்பதில்லை.

பிவிசி ஆகாது என்று சற்று முன் சொன்னேன். அங்கே மட்டும் பிளாஸ்டிக் எப்படித் தாங்குகிறது? அந்தக் கருவிகள் எரிந்த வாயுவின் சூட்டைக் கடைசிவரை பிழிந்து எடுத்துவிடுகின்றன. வாயு ஐம்பது டிகிரி அளவுக்குக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவியே தண்ணீராகி, தன் உள்ளுறை வெப்பத்தையும் கொடுத்துவிடுகிறது. எரிபொருள் மிச்சம். ஆனால் குளிர்ந்த வாயு மிதக்காது, மின்விசிறிதான் அதைத் தள்ள வேண்டும். நாம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு டிகிரி சூடும் புகைக்குழாயின் இழுவையிலிருந்து எடுப்பதுதான். 150 டிகிரி வாயுவைத் தானாக மிதக்கவிடும் நம் கீசருக்கு அந்தக் குழாயைப் பார்த்து நகல் எடுப்பது ஆபத்து.

ஸ்கார்பரோ இருக்கும் மாநிலத்திலும் பாடம் இலவசமாக வரவில்லை. 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில், கேஸ் கணப்பின் புகைவழி அடைத்துக்கொண்டதால் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே இறந்தது. அவர்கள் பெயரால் 2013-ல் நிறைவேறிய ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம், எரிபொருள் கருவி உள்ள வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் என்றது. உள்ளங்கை அளவுள்ள அந்தக் கருவி, நம் மூக்கால் முடியாத வேலையைச் செய்கிறது. இந்தியாவிலும் விலைக்குக் கிடைக்கிறது.

ஒரு ஊதுபத்தி

கணியூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கீசரைக் கழற்றி வெளிச் சுவருக்கு மாற்றினோம். கிழக்குப் பக்கம், தாழ்வாரத்துக்கு அடியில், மழை படாமல், மூன்று பக்கம் திறந்த இடம். கேஸும் தீயும் வெளியே நின்றன, வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே போனது. பெரும்பாலான கீசர்களின் கையேட்டிலும் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள் என்றுதான் இருக்கிறது. வெளியே மாட்ட இடமே இல்லாதவர்கள்தான் புகைக்குழாயும் விசிறியும் உள்ள வகையைத் தேட வேண்டும்.

வேலை முடிந்ததும் பொருத்துபவரிடம் ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்துக் கொடுத்தேன். புகைக்குழாய் போட்ட வேறொரு வீட்டுக்கு அவரோடு போனேன். கதவு ஜன்னலைச் சாத்தி, கீசரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கருவியின் மேல் வாய் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடிக்கச் சொன்னேன். புகை உள்ளே இழுபட்டால் குழாய் வேலை செய்கிறது. முகத்தை நோக்கி வந்தால் எரிந்த வாயுவும் அதே வழியில் வந்துகொண்டிருக்கிறது. முதலில் இழை போல உள்ளே போனது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொன்னேன். புகை தயங்கி, வளைந்து, அவர் முகத்துக்கு நேரே வந்தது.

அவர் கீசரை அணைத்தார். கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, “இத்தன நாளா இதப் பாக்கவே இல்லீங்ணா” என்றார். இப்போது அவர் பையில் ஸ்பேனர், டேப்போடு ஒரு ஊதுபத்திப் பாக்கெட்டும் இருக்கிறது. பொருத்தி முடித்ததும் ஒன்றைப் பற்றவைத்து, வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, புகை போகும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.